ஸ்விஸ் கத்தி என்று நம்பி 3,650 ரூபாய் போனது: வாங்க நினைப்பவர்கள் ஒரு நிமிடம் படியுங்கள்

இன்று சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு அந்த ஆள் என்னை பிளாக் செய்துவிட்டான். இப்போது மணி பதினொன்று தாண்டிவிட்டது, தூக்கம் வரவில்லை. கோபம் ஆறியபிறகு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆறிவிட்டால் எழுத மாட்டேன். அதற்குள் இன்னும் நாலு பேர் பணம் போட்டிருப்பார்கள்.

விஷயம் விக்டோரினாக்ஸ் பாக்கெட் கத்தி. சிவப்புக் கைப்பிடி, அதில் வெள்ளைச் சிலுவை, மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். "ஒரு சின்னக் கத்திக்கு இவ்வளவு விலை கொடுக்கலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். நானும் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தவன். அதற்கும் பதில் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு சிசிடிவி, இன்வர்ட்டர் மாட்டும் வேலை. ஏணி மேல் நின்றுகொண்டு ஒரு கையால் வயர் தோலை உரிக்க வேண்டும், டேப் வெட்ட வேண்டும், சின்ன ஸ்க்ரூவைத் திருக வேண்டும். பஜாரில் 150 ரூபாய்க்குக் கிடைக்கும் மடக்குக் கத்திதான் இதுவரை வைத்திருந்தேன். மூன்று மாதத்தில் பிளேடு ஆட ஆரம்பித்துவிடும். போன ஆடியில் ஒரு கத்தி வேலை நடுவில் மடங்கி ஆள்காட்டி விரலைப் பிடித்தது. மூன்று தையல். அன்றைக்குத்தான் இனி நல்ல கத்தி ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன்.

நல்ல கத்தி எது என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பெரியப்பா குவைத்தில் இருந்து வந்தபோது கொண்டுவந்த விக்டோரினாக்ஸ், கிளைம்பர் மாடல், இன்றும் அவர் இடுப்பில் இருக்கிறது. பெரிய பிளேடு, சின்ன பிளேடு, கத்தரி, டின் திறப்பான், பாட்டில் திறப்பான், கார்க் எடுக்கும் திருகு, ஊசி, கொக்கி. பாட்டில் திறப்பானின் அடியில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். வயரை அதில் வைத்து இழுத்தால் தோல் உரிந்து வரும். பெரியப்பா அதில் கொய்யாக்காய் நறுக்கியிருக்கிறார், மோட்டார் வயர் உரித்திருக்கிறார், பேத்திக்குப் பென்சில் சீவிக் கொடுத்திருக்கிறார். கிணற்றடிக் கல்லில் இரண்டு தேய் தேய்த்தால் திரும்பக் கூர் வந்துவிடும். கைப்பிடி சிவப்பு மங்கிவிட்டது. பிளேடு இன்னும் ஒரு இழை ஆடவில்லை.

முக்கியமாக அதன் சத்தம். திறக்கும்போது ஒரு 'டக்', மூடும்போது ஒரு 'டக்'. இந்தக் கத்தியில் பூட்டு கிடையாது. முதுகில் இருக்கும் ஸ்பிரிங் ஒன்றுதான் பிளேடைப் பிடித்து நிறுத்துகிறது. ஸ்பிரிங் சரியாக இருந்தால்தான் அந்தச் சத்தம் வரும், விரலும் தப்பிக்கும்.

கடையில் விசாரித்தேன். கொஞ்சம் யோசிக்க வைக்கும் விலை. அந்த நேரத்தில்தான் போனில் அந்தப் பக்கம் வந்தது. போட்டோ, வீடியோ போடும் தளத்தில் கடை போலப் பக்கம் நடத்துகிறார்கள் அல்லவா, அந்த ரகம். வாட்ச், பெல்ட், டார்ச், கத்தி எல்லாம் இருந்தது. இருபதாயிரம் பேருக்கு மேல் பின்தொடர்கிறார்கள். கடையில் சொன்னதைவிட எண்ணூறு ரூபாய் குறைவு. பாதி விலை என்று போட்டிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். எண்ணூறு குறைவு என்றதும், வாடகைக் கடை இல்லாதவன், அதனால் குறைத்துக் கொடுக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். அவர்கள் கணக்குப் போட்டே வைத்த விலை அது என்று இப்போது புரிகிறது.

அப்போதும் உடனே பணம் போடவில்லை. "தம்பி, நேர்ல பாக்கணும், கடை எங்க இருக்கு?" என்று கேட்டேன். "வீடியோ கால் வாங்கண்ணா, கண்ணு முன்னாடியே காட்டுறேன்" என்றான். வந்தான். முகம் காட்டவில்லை, கை மட்டும்தான் தெரிந்தது. வலது கை மோதிர விரலில் வெள்ளி மோதிரம், கறுப்புக் கல். கத்தியை எடுத்து போன் பக்கத்தில் கொண்டுவந்து மெதுவாகத் திறந்தான். டக். மூடினான். டக். "சத்தம் கேட்டுச்சாண்ணா? டூப்ளிகேட்ல இந்தச் சத்தம் வராதுண்ணா" என்றான். ஒரு பேப்பரைத் தொங்கவிட்டு மேலிருந்து கீழே வெட்டினான். பிளேடின் அடியில் கீல் பக்கம் உள்ள எழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினான். பெரியப்பா கத்தியில் இருப்பது போலவே, ஆழமான, தெளிவான எழுத்து.

அவன் காட்டியது அசல் கத்திதான். இன்றும் சொல்வேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான், என் காது ஏமாறவில்லை. ஆனால் காட்டியது ஒன்று, அனுப்பியது வேறு.

பொருள் கைக்கு வந்ததும் பணம் தருகிறேன் என்றேன். "ஃபாரின் அயிட்டம்ணா, திருப்பி அனுப்பிட்டா எங்களுக்கு நஷ்டம். எங்கப்பா மிலிட்டரில இருந்தவருண்ணா, ஏமாத்திப் பொழைக்கிற குடும்பம் இல்ல" என்றான். அந்த வார்த்தையில் நான் விழுந்தேன். யூபிஐயில் 3,650 ரூபாய் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் நன்றி சொல்லி, கை கூப்பும் படம் போட்டு மெசேஜ்.

ஆறாம் நாள் கூரியர் வந்தது. பெட்டி பார்க்க நன்றாகவே இருந்தது. கையில் எடுத்ததுமே ஏதோ சரியில்லை, எடையே இல்லை. நகம் வைத்துத் திறந்தேன். பிளேடு வழவழவென்று வந்து நின்றது, சத்தமே இல்லை. முதுகுப் பக்கம் விரலை ஓட்டினால் ஸ்பிரிங் ஒரு இடத்தில் மேடாக நகத்தில் தட்டுகிறது. அசலில் அந்த முதுகு கண்ணாடி போல் ஒரே மட்டமாக இருக்கும். தெரிந்த ஆசாரி பட்டறைக்குக் கொண்டுபோய் நகைத் தராசில் வைத்தேன். 67 கிராம். கிளைம்பர் 80 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும்.

அன்று ஒரு மாங்காய் நறுக்கிவிட்டுத் துடைத்துதான் வைத்தேன். மறுநாள் காலை பிளேடில் பழுப்புப் புள்ளிகள். விக்டோரினாக்ஸ் என்ற அந்தப் பெயருக்கே என்ன அர்த்தம் தெரியுமா? 1884-ல் சுவிட்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் கார்ல் எல்செனர் என்பவர் கத்திப் பட்டறை வைத்தார். 1891-ல் தங்கள் நாட்டு ராணுவத்துக்கே கத்தி கொடுக்க ஆரம்பித்தார். அதற்கு முன் அந்தக் கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கனில் இருந்து வந்துகொண்டிருந்தன. 1909-ல் அவருடைய அம்மா விக்டோரியா இறந்ததும் அம்மா பெயரையே கத்திக்கு வைத்தார். 1921-ல் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறியபோது, அதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லான 'இனாக்ஸ்' என்பதையும் சேர்த்தார்கள். அம்மா பெயரும் துருப்பிடிக்காத எஃகும் சேர்ந்த பெயர் அது. அதைப் பொறித்து அனுப்பிய கத்தி ஒரு மாங்காய்க்குத் துருப்பிடிக்கிறது. பணம் போனதைவிட இதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

மூன்றாம் நாள் பெட்ரோல் துணியால் கைப்பிடியைத் துடைத்தேன். சிலுவையின் ஒரு கை துணியோடு வந்துவிட்டது. அசலில் அது உலோகத்தில் செய்து உள்ளே பதித்தது, சுரண்டினாலும் வராது. இது மேலே அடித்த வெறும் பெயின்ட்.

பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடி கூடப் போடவில்லை. ஒரு கையில் தன்னுடையது, மறு கையில் என்னுடையது. இரண்டையும் திறந்து மூடி, திறந்து மூடி, காதால் மட்டும் பார்த்தார். "இது ஸ்பிரிங் இல்லடா, வெறும் தகடு. இத ஏணி மேல எடுத்துட்டுப் போகாத" என்றார். எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டார். 3,650 என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. முதல் நாள் போட்டோ, வீடியோ எல்லாம் அனுப்பினேன். "செக் பண்றேன்ணா." இரண்டாம் நாள்: "இது நாங்க அனுப்பினது இல்லண்ணா, கூரியர்ல மாத்திருப்பாங்க." கூரியர் அலுவலகத்துக்குப் போனேன். பெட்டி பிரிக்காமல்தான் வந்தது, ஒட்டிய டேப் அப்படியே இருந்தது, அனுப்பியவரைத்தான் கேட்க வேண்டும் என்றார்கள். திரும்ப அவனிடம் வந்தேன். "பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்காண்ணா? இல்லாம கம்பெனில ஏத்துக்க மாட்டாங்க." எந்தக் கம்பெனி என்று கேட்டேன், பதில் இல்லை. நாலாம் நாள் ஓனர் ஊருக்குப் போயிருக்கிறார். ஆறாம் நாள் ஓனர் ஆஸ்பத்திரியில். எட்டாம் நாள், "500 ரூபாய் கூரியர் சார்ஜ் போடுங்கண்ணா, வேற பீஸ் அனுப்புறோம்" என்றான். 3,650 போதாதென்று இன்னும் 500! முடியாது, பணத்தைத் திருப்பு, இல்லாவிட்டால் புகார் கொடுப்பேன் என்றேன். "குடுத்துக்கோங்க" என்று ஒரே வார்த்தை. இன்று சாயங்காலம் பிளாக்.

சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு போன் செய்தேன். புகாரைப் பதிந்து எண் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நான் பணம் அனுப்பி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் சொன்னால்தான் அந்தக் கணக்கில் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகமாம். வங்கியில், "நீங்களாத்தானே சார் பின் போட்டு அனுப்பியிருக்கீங்க" என்று முடித்துக்கொண்டார்கள். ஸ்டேஷனில் கத்தியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூவாயிரத்து அறுநூறுக்கா வந்தீங்க?" என்று கேட்டார் ஒருவர். சார், அது என் ஐந்து நாள் கூலி. வெயிலில் ஏணியில் நின்ற காசு.

சரி, விலை கொடுக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். கொடுக்கலாம். தினமும் கையில் கத்தி புழங்கும் ஆளாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். பெரியப்பா கத்தியையும் இந்தப் போலியையும் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் பார்த்தவன் சொல்கிறேன். அந்த விலை எதற்கு என்றால், ஸ்பிரிங்குக்கு. பிளேடு கல்லிலும் தேயும்படி, அதே சமயம் வளையாதபடி பதமாகச் சூடேற்றி எடுத்த எஃகுக்கு. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகளுக்கு நடுவே முடி இழை அளவு கூட இடைவெளி இல்லாததற்கு. பொருளிலோ வேலைப்பாட்டிலோ குறை இருந்தால் ஆயுள் முழுக்க அவர்கள் பொறுப்பு என்று கொடுக்கும் உத்தரவாதத்துக்கு. தேய்மானமும் நாம் கண்டபடி பயன்படுத்திக் கெடுத்ததும் அதில் சேராது, அது நியாயம்தான். ஆயிரக்கணக்கில் போகும் ஜப்பான் எஃகுக் கத்திகள் போல ரொம்ப நாள் கூர் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், நிற்காது. ஆனால் கிணற்றடிக் கல் போதும், திரும்ப வந்துவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை பார்சல் பிரிக்கத்தான் கத்தி வேண்டும் என்றால் 150 ரூபாய்க் கத்தியே போதும்.

இதில் ஒரு வேதனை இருக்கிறது. நான் சொன்ன அந்த நாலு விஷயத்தில் ஒன்று கூட போட்டோவில் தெரியாது. ஸ்பிரிங்கின் இறுக்கம் படத்தில் தெரியுமா? எஃகின் பதம் தெரியுமா? சிவப்பு நிறமும் சிலுவையும்தான் தெரியும், அதை எவன் வேண்டுமானாலும் அடிக்கலாம். அதனால்தான் இந்தக் கத்தியை வைத்து ஏமாற்றுவது இவ்வளவு சுலபமாக இருக்கிறது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்திருந்தேன். இப்போது முடியவில்லை, தலை வலிக்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையில் வாங்கித் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஆன்லைனில்தான் வாங்குவேன் என்றால் பில்லும் திருப்பி அனுப்பும் வசதியும் உள்ள, கம்பெனி அங்கீகாரம் கொடுத்த கடையா என்று பாருங்கள். வீடியோ காலில் காட்டுகிறான் என்பதால் அதையே அனுப்புவான் என்று நம்பாதீர்கள். ஏமாந்தது தெரிந்த அந்த நிமிடமே 1930-க்கு அடியுங்கள், என்னை மாதிரி எட்டு நாள் அவனோடு பேசிக்கொண்டிருக்காதீர்கள். மாற்றி அனுப்புகிறேன் என்று மேலும் பணம் கேட்டால் ஒரு பைசா போடாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள்.

இதை எழுதி முடித்துவிட்டு என் மனைவியின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இன்று ராத்திரி எட்டரைக்குப் புதிதாக ஒரு வீடியோ போட்டிருக்கிறான். அதே கை, அதே கறுப்புக் கல் மோதிரம், அதே 'டக்'. கீழே "கடைசி 3 பீஸ்" என்று எழுதியிருக்கிறான். அதற்கு ஒருவர், "அண்ணா, இது ஒரிஜினலா?" என்று கேட்டிருக்கிறார். "நம்பி வாங்கலாம் அண்ணா" என்று பதில் போட்டிருக்கிறான். என் மனைவியின் போனில் இருந்தே அவருக்குக் கீழே, "வாங்காதீங்க, எனக்கு 3,650 போயிடுச்சு" என்று எழுதினேன். இரண்டு நிமிடத்தில் அதை அழித்துவிட்டான்.