ஐந்து நாள் டிரைவர் பயிற்சி, நான்கு வருட வேலை: எது நின்றது, எது போதவில்லை

பயிற்சி முடிந்த வாரமே இதை எழுத உட்கார்ந்தேன். நல்ல வேளை, எழுதவில்லை. எழுதியிருந்தால் பயிற்சியாளரின் வேகத்தைப் பற்றியும் கையேட்டின் கனத்தைப் பற்றியும்தான் எழுதியிருப்பேன். விண்டோஸ் இன்டர்னல்ஸும் (அதன் உள்ளமைப்பு), இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் ஓடும் டிரைவர்களை எழுதுவதும் சேர்ந்த ஐந்து நாள் வகுப்பு அது. அதற்குப் பிறகு நான்கு வருடமாக டிரைவர் வேலையில்தான் இருக்கிறேன். இப்போது சொன்னால்தான் அது நியாயமாக இருக்கும்.

வகுப்புக்குப் போனபோது சி மொழியில் நல்ல பழக்கம் இருந்தது. ஆனால் எழுதியதெல்லாம் யூசர் மோடு, அதாவது கர்னலுக்கு வெளியே ஓடும் சாதாரண புரோகிராம்கள். கர்னலில் ஒரு வரி கூட எழுதியதில்லை.

முதல் நாள் டிரைவரைத் தொடவே விடவில்லை. ஆளுக்கு ஒரு மெஷின், அதற்குள் டார்கெட்டாக ஒரு விர்ச்சுவல் மெஷின், இரண்டையும் நெட்வொர்க் வழியாக இணைக்கும் விண்டிபக், அதாவது ஓடுவதை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் டிபக்கர். பிரேக் கொடுத்ததும் டார்கெட் மொத்தமாக நின்றுவிட்டது. மவுஸ் பாயின்டர் கூட இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அந்த நிலையில், ஓடிக்கொண்டிருந்த பிராசஸ்களின் பட்டியலை எந்தக் கட்டளையும் இல்லாமல் கையாலேயே எடுக்கச் சொன்னார் பயிற்சியாளர். ஒரு பிராசஸுக்கான ஸ்ட்ரக்சரைக் கண்டுபிடித்து, அதிலிருக்கும் லிங்க்டு லிஸ்ட் பாயின்டரைப் பிடித்து அடுத்ததற்குப் போக வேண்டும், அங்கிருந்து அதற்கடுத்தது. பத்துப் பன்னிரண்டு தாண்டியதும் நோட்பேட் வந்தது. கர்னல் மேல் எனக்கிருந்த பயம் அந்த இடத்தில் போயிற்று. கல்லூரியில் எழுதிய அதே லிங்க்டு லிஸ்ட்தான், அளவு பெரிது, அவ்வளவே.

பயிற்சியின் உயிர் இரண்டாம் நாளில் இருந்தது. ஐஆர்க்யூஎல் என்ற இன்டரப்ட் நிலை, அதாவது ஓடும் கோடை எது இடைமறிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் எண். சாதாரணமாக நம் கோட் 0-இல், அதாவது பாசிவ் லெவலில் ஓடும். ஒரே தரவை இரண்டு பிராசசர்கள் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் ஸ்பின்லாக் என்ற பூட்டை எடுத்தால் 2-க்கு, டிஸ்பாட்ச் லெவலுக்கு ஏறிவிடும். அங்கே, திரெட்டுகளுக்கு (தனித்தனியாக ஓடும் வேலை இழைகள்) முறை கொடுக்கும் ஷெட்யூலர் அந்தப் பிராசசரில் வேறு திரெட்டுக்கு மாறாது. எனவே எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. தேவையான மெமரிப் பக்கம் ராமில் இல்லாதபோது வரும் பேஜ் ஃபால்ட்டும் ஒரு காத்திருப்புதான்: டிஸ்கிலிருந்து பக்கம் வந்து சேரும் வரை திரெட் தூங்க வேண்டும். அதனால் ஸ்பின்லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேஜ்டு பூலில், அதாவது டிஸ்குக்குப் போய்விடக்கூடிய பகுதியில், இருக்கும் மெமரியைத் தொடவே கூடாது.

இதைச் சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிருந்தால் நான்கு மாதத்தில் மறந்திருப்பேன். அவர் அந்தத் தவறை வேண்டுமென்றே செய்த ஒரு டிரைவரைக் கொடுத்து ஓட்டச் சொன்னார். ஓட்டினோம், ஒன்றும் ஆகவில்லை. லூப்பில் போட்டு ஓட்டியும் ஒன்றும் ஆகவில்லை. காரணம் எளிது. தேவையான பக்கம் ஏற்கெனவே ராமில் இருந்ததால் ஃபால்ட்டே நிகழவில்லை. பிறகு டிரைவர் வெரிஃபயரை ஆன் செய்து ரீபூட் பண்ணச் சொன்னார். வெரிஃபயர் என்ன செய்கிறது என்றால், நம் டிரைவர் ஐஆர்க்யூஎல்லை உயர்த்தும் போதெல்லாம் பேஜ் ஆகக்கூடிய மெமரியை வெளியே தள்ளிவிடுகிறது. முதல் ஓட்டத்திலேயே நீலத்திரை. பக்செக், அதாவது விழுந்ததற்கான காரணக் குறியீடு, டி1.

விழுந்த நொடியின் மெமரிப் பதிவான டம்ப்பைத் திறந்து, பக்செக்கோடு வரும் நான்கு மதிப்புகளையும் வாசிக்க வைத்தார். முதலாவது, தொட முயன்ற முகவரி. இரண்டாவது, அப்போதைய ஐஆர்க்யூஎல், அது 2. மூன்றாவது 0, அதாவது படிக்க முயன்றது. நான்காவது, எந்தக் கோட் தொட்டதோ அதன் முகவரி. அதை வைத்து என் சோர்ஸில் சரியான வரிக்குப் போய் நின்றபோது வந்த தெளிவு இன்றுவரை குறையவில்லை. எந்தக் கோடைப் பார்த்தாலும் முதலில் மனதில் எழுவது "இது எந்த லெவலில் ஓடும்? இங்கே காத்திருக்கலாமா?" என்பதுதான். லினக்ஸ் டிரைவர் ஒன்றைப் படிக்க நேர்ந்தபோதும் இதே கேள்வியோடுதான் உள்ளே போனேன். அங்கே பெயர்கள் வேறு. ஸ்பின்லாக்குக்குள் தூங்கக் கூடாது என்ற விதி அங்கும் உண்டு.

அடுத்த இரண்டு நாட்களும் ஐஆர்பி, அதாவது ஐ/ஓ கோரிக்கைப் பாக்கெட், டிரைவர் அடுக்கின் வழியாக எப்படி இறங்குகிறது, யார் முடித்து வைக்கிறார்கள், கேன்சல் ஆனால் என்ன என்பதில் போயின. டிரைவரின் வழக்கமான வேலைகளைத் தானே பார்த்துக்கொள்ளும் மைக்ரோசாஃப்ட்டின் கேஎம்டிஎஃப் ஃபிரேம்வொர்க்கை அதற்குப் பிறகே காட்டினார். நேரடியாகக் கேஎம்டிஎஃப்பில் தொடங்கலாமே என்று வகுப்பில் இருவர் வாதாடினார்கள். அன்று நானும் அவர்கள் பக்கம்தான். இன்று அவர் செய்ததே சரி என்பேன். ஃபிரேம்வொர்க் நமக்காக என்னவெல்லாம் செய்கிறது என்று தெரியாதவருக்கு, அது செய்யாமல் விட்டதைக் கண்டுபிடிக்கவே முடியாது. கேஎம்டிஎஃப்பின் சோர்ஸ் 2015 முதல் பொதுவெளியில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் திறந்து படிக்கும் துணிவை அந்த இரண்டு நாட்கள்தான் கொடுத்தன.

காலாவதியானவையும் உண்டு. கையேட்டின் பயிற்சிகள் முழுக்க மெமரி எடுக்கும் பழைய ஃபங்ஷனையே பயன்படுத்தின. விண்டோஸ் 10-இன் 2004 என்ற எண்ணுள்ள (ஆண்டு அல்ல) பதிப்பிலிருந்து அதற்குப் பதிலாக வேறொன்று வந்துவிட்டது. புதியது, கொடுக்கும் மெமரியைத் தானாகவே பூஜ்யமாக்கித் தரும். பயிற்சிக் கையேடு இதைக் கூட மாற்றாமல் வைத்திருந்தது சரியல்ல. ஆனால் அடிப்படை அசையவில்லை. டேவ் கட்லர் குழு உருவாக்கி 1993-இல் வந்த என்டி 3.1-இல் இருந்த ஐஆர்பி, ஐஆர்க்யூஎல் கருத்துகள்தான் இன்றும் ஓடுகின்றன. அதில் செலவிட்ட நேரம் வீணாகாது.

என் உண்மையான குறை ஐந்தாம் நாள் மதியத்தைப் பற்றியது. கருவியைச் செருகுவதையும் கழற்றுவதையும் கையாளும் பிளக் அண்ட் பிளேயும், அதைத் தூங்க வைத்து எழுப்பும் பவர் மேனேஜ்மென்டும் சேர்த்து மூன்று மணி நேரத்தில் முடிந்தன. லேப் இல்லை, ஸ்லைடுகள் மட்டுமே. இந்த நான்கு வருடத்தில் என்னை அதிகம் அலைக்கழித்ததோ அந்த இரண்டும்தான்.

ஓர் உதாரணம். எங்கள் டிரைவர், ஒரு யூஎஸ்பி அளவீட்டுக் கருவியிலிருந்து தரவு வரும் வரை அப்ளிகேஷனின் ரீட் கோரிக்கையைக் கையில் வைத்துக் காத்திருக்கும். பயனர்கள் லேப்டாப்பை மூடிவிட்டுப் போவார்கள். திரும்பி வந்து பார்த்தால் மெஷின் ரீபூட் ஆகியிருக்கும். டம்ப் வந்தது: பக்செக் 9எஃப், முதல் மதிப்பு 3. ஒரு ஐஆர்பியை யாரோ ரொம்ப நேரம் மடக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். நான்காவது மதிப்பில் இருந்த ஐஆர்பியை விரித்துப் பார்த்தால் எங்கள் டிரைவரிடம்தான் நின்றிருந்தது. கோட்டில் பவர் சம்பந்தமாக ஒரு வரி கூட இல்லையே என்று குழம்பினேன். இரண்டு நாள் கழித்துத்தான், கேஎம்டிஎஃப் க்யூவை, அதாவது கோரிக்கைகள் நிற்கும் வரிசையை, காட்டும் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு ரீட் கோரிக்கை, டிரைவரின் கைவசம்.

பவர் மேனேஜ்டு க்யூவிலிருந்து (கருவியின் பவர் நிலையோடு சேர்ந்து ஃபிரேம்வொர்க் நிர்வகிக்கும் வரிசை) நாம் எடுத்த கோரிக்கைகளை நாம் முடிக்கும் வரை, கருவியைத் தூங்க வைக்காமல் ஃபிரேம்வொர்க் காத்திருக்கும். தரவு வரப்போவதில்லை, எனவே அந்தக் காத்திருப்புக்கும் முடிவில்லை. தூங்கப் போகும் முன் நம்மை எச்சரிக்க ஒரு ஸ்டாப் கால்பேக், அதாவது ஃபிரேம்வொர்க் கூப்பிடும் நம் ஃபங்ஷன், இருக்கிறது. நாங்கள் அதைப் பதிவே செய்யவில்லை. பதிவு செய்து, கோரிக்கையை க்யூவுக்கே திருப்பிவிட்டதும் தீர்ந்தது, பதினைந்து வரி கூட இல்லை. அந்தக் கால்பேக்கின் பெயர் கையேட்டில் ஒரு ஸ்லைடின் கடைசி வரியில் இருக்கிறது. அதற்கு ஒரு லேப் இருந்திருந்தால், பயனர்கள் இத்தனை முறை வேலையை இழந்திருக்க மாட்டார்கள். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

இருந்தும் டம்ப்பைத் திறந்து வழி தேட முடிந்ததே அந்த இரண்டாம் நாளால்தான். 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் கர்னல் டிரைவர், எல்லை தாண்டி மெமரியைப் படித்ததால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன. கர்னலில் ஒரு தவறான பாயின்டர் எவ்வளவு தூரம் போகும் என்று அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்கள் முறையாகக் கற்றுக்கொண்டு வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் அதனால்தான்.

சேர நினைப்பவர்களுக்குச் சொல்வது இவ்வளவு. சி-யில் பாயின்டரும் ஸ்ட்ரக்சரும் தடுமாறாமல் வர வேண்டும், அதைக் கற்க அங்கே நேரம் கிடையாது. முன்பே விண்டிபக்கை நிறுவி, ஏதாவது ஒரு டம்ப்பைத் திறந்து பழகிக்கொள்ளுங்கள். பாடத்திட்டத்தில் பவருக்கும் பிளக் அண்ட் பிளேக்கும் தனி லேப் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். முடித்துத் திரும்பிய ஒரு மாதத்துக்குள் ஒரு சின்ன டிரைவராவது சொந்தமாக எழுதிவிட வேண்டும். என்னோடு படித்தவர்களில் உடனே வேறு வேலைக்குப் போனவர்களுக்கு ஆறு மாதத்தில் எதுவும் நினைவில்லை.

எங்கள் குழுவிலிருந்து இரண்டு பேர் அடுத்து அதே பயிற்சிக்குப் போகிறார்கள். அந்த 9எஃப் டம்ப்பை இப்போதே கொடுத்திருக்கிறேன், சோர்ஸ் இல்லாமல். ஐந்தாம் நாள் மதியம் அதை வகுப்பில் திறந்து கேட்கச் சொல்லியிருக்கிறேன்.