பச்சைத் திரையை நீக்கக் கிம்ப் போதுமா?

பச்சைத் துணிக்கு முன்னால் ஆளை நிறுத்தி எடுத்த படத்திலிருந்து பின்னணியை மட்டும் அகற்றுவதற்கு, கட்டணமின்றிக் கிடைக்கும் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருள் போதும் என்பதே என் கருத்து. ஆனால் இந்த வேலைக்கென்று தனிப் பொத்தான் எதுவும் அதில் இல்லை. இரண்டு கருவிகளைச் சேர்த்துப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பலரும் முதலில் நாடுவது ‘கலர் டு ஆல்ஃபா’ என்ற கருவியை. நாம் சுட்டிக்காட்டிய நிறம் ஒவ்வொரு பிக்சலிலும் (படப்புள்ளியிலும்) எந்த அளவுக்குக் கலந்திருக்கக்கூடும் என்று கணக்கிட்டு, அந்தப் பங்கை மட்டும் நீக்கி, அதே அளவுக்கு அந்த இடத்தை ஒளி ஊடுருவும்படி அது மாற்றுகிறது. பறக்கும் முடியிழைகளிலும் மெல்லிய துப்பட்டாவின் ஓரத்திலும் இந்தக் கணக்கு மிக அழகாகப் பலிக்கிறது. கத்தரித்து ஒட்டியதுபோன்ற பச்சை விளிம்பு அங்கே ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. ஆனால் சாம்பல் நிறத்திலும் மாநிறத் தோலிலும் பச்சையின் கூறு உண்டு என்பதால், அதே கணக்கு முகத்தையும் சட்டையையும் பாதி ஊடுருவச் செய்து, புதிய பின்னணியில் வைத்தவுடன் அவற்றில் கத்தரிப்பூ நிறம் படரவிடுகிறது. 2018இல் வந்த கிம்ப் 2.10 பதிப்பு இதற்கு நல்ல மருந்தைத் தந்தது: ‘ஒபாசிட்டி த்ரெஷோல்ட்’ அளவைக் குறைத்தால் பச்சையிலிருந்து விலகிய நிறங்கள் முழுத் திண்மை பெறுகின்றன, ‘டிரான்ஸ்பரன்சி த்ரெஷோல்ட்’ அளவைக் கூட்டினால் திரையின் சிறு நிறமாற்றங்களும் சேர்ந்து மறைகின்றன. இருந்தும் இரண்டையும் இழுத்துக்கொண்டே போனால் முடியிழைகளின் மென்மை போய்விடும்.

ஆகவே ஒரே படத்தை ஒன்றன்மேல் ஒன்றான இரண்டு லேயர்களாக (அடுக்குகளாக) வைத்துக்கொள்வதுதான் சரியான வழி. கீழ் லேயரில் ‘கலர் டு ஆல்ஃபா’வை விளிம்புகளுக்காக மட்டும் பயன்படுத்த வேண்டும். மேல் லேயரில் ‘செலக்ட் பை கலர்’ கருவியால் திரையைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தேர்வைத் தலைகீழாக்கி, சில பிக்சல்கள் உள்நோக்கிச் சுருக்கி, லேயர் மாஸ்க்காக, அதாவது வெள்ளையான இடத்தைக் காட்டிக் கறுப்பான இடத்தை மறைக்கும் திரையாக, மாற்ற வேண்டும். முகமும் உடலும் மேல் லேயரால் திண்மை பெறும். ஓரங்கள் கீழ் லேயரிலிருந்து வரும். தேர்வின் அளவுகோலாக ‘எச்.எஸ்.வி. ஹியூ’வை, அதாவது நிறச்சாயலை, வைப்பது நல்லது, ஏனெனில் துணியின் மடிப்பும் நிழலும் வெளிச்சத்தில் வேறுபட்டாலும் நிறச்சாயலில் அவ்வளவாக வேறுபடுவதில்லை. கறுப்பு, சாம்பல் பகுதிகளில் மட்டும் சாயல் நிலையில்லாததால் ஆங்காங்கே புள்ளிகள் தவறாகத் தேர்வாகும். அவற்றை மாஸ்க்கில் வெள்ளைத் தூரிகையால் நிரப்பிவிடலாம்.

தோளிலும் கன்னத்திலும் துணி எதிரொளித்த பச்சைச் சாயத்தை எந்தத் தேர்வும் நீக்காது. ‘ஹியூ-சேச்சுரேஷன்’ பகுதியில் பச்சையின் செறிவை மட்டும் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பச்சைப் பட்டுப்புடவை உடுத்தியவரின் படத்தில் இது புடவையையே வெளிறச் செய்யும் என்பதால், அவருக்கு நீலத் திரையே ஏற்றது.

மென்பொருளைக் குறை கூறுவதற்கு முன் படத்தையும் பார்க்க வேண்டும். ஜேபெக் கோப்புகள் பெரும்பாலும் நிறத் தகவலை வெளிச்சத் தகவலைவிடக் குறைந்த நுணுக்கத்தில் சேமிக்கின்றன. விளிம்பு மங்குவதற்கு அதுவே பெரிய காரணம். கேமரா பதிவுசெய்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்து, ஆளைத் திரையிலிருந்து சில அடிகள் தள்ளி நிறுத்தி, திரைக்குத் தனி விளக்கு வைத்தால் மேலே சொன்ன வேலையில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

2025 மார்ச்சில் வெளியான கிம்ப் 3.0 பதிப்பில், இட்ட ‘கலர் டு ஆல்ஃபா’ போன்ற ஃபில்டரைப் பின்னர் திறந்து அளவை மாற்ற முடிகிறது. பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றுக்காகவே மாறலாம், ஏனெனில் புதிய பின்னணியை வைத்துப் பார்த்த பிறகுதான் த்ரெஷோல்ட் அளவு சரியா என்பதே தெரியவரும்.