லிஸ்ட்டில் ‘மரியோ கார்ட் 9’ என்று இருந்தால் பணம் கொடுக்காதீர்கள்

நாகர்கோவிலில் ஒரு கேம் கடை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. போன வாரம் அந்த வழியாகப் போனபோது கடைக் கண்ணாடியில் புதுத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. கையடக்க பிளேஸ்டேஷனாம், டிவியிலும் மாட்டலாமாம், கூடவே ஆறு கேம், முன்பதிவு 15,000 ரூபாய். சோனி அப்படி ஒரு மெஷினுக்குப் பெயரோ விலையோ தேதியோ இன்னும் சொல்லவே இல்லை. தாளுக்கு முன்னால் பள்ளிச் சீருடையில் இரண்டு பையன்கள் நின்று ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷத்துக்கு முன்னால் அதே கண்ணாடிக்கு முன் நானும் என் அக்கா மகனும் நின்றோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா வீடு குலசேகரத்தில். அத்தான் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர், மழை பிடித்தால் வேலை கிடையாது. பையன் அப்போது பிளஸ் டூ. நல்ல மார்க் வாங்கினால் புது கேம் மெஷின் வாங்கித் தருகிறேன் என்று நான்தான் வாக்குக் கொடுத்திருந்தேன். நான் நாகர்கோவிலில் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். மாசாமாசம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது.

அவன் ஆசைப்பட்டது நிண்டெண்டோ கம்பெனியின் ‘ஸ்விட்ச்’ என்ற கேம் மெஷினின் அடுத்த பதிப்பு. கையில் வைத்தும் விளையாடலாம், கூட வரும் ஸ்டாண்டில் வைத்தால் டிவியிலும் ஓடும். முதல் ஸ்விட்ச் 2017 மார்ச் 3-ல் வந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் கொடுத்த பழைய ஸ்விட்ச் லைட்டில் இவன் மூன்று வருஷமாக விளையாடிக்கொண்டிருந்தான். அடுத்த மெஷின் பற்றிய அறிவிப்பு அந்த நிதியாண்டுக்குள் வரும் என்று நிண்டெண்டோ தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா 2024 மே 7-ல் சொன்னதும் பையன் ஒரு நோட்டுப் போட்டுவிட்டான். இடது பக்கம் கம்பெனி சொன்னது, வலது பக்கம் ரசிகர்கள் சொல்வது. திரை எத்தனை இஞ்ச், கைப்பிடி காந்தத்தில் ஒட்டுமா, முதல் நாளில் என்னென்ன கேம் வரும் என்று வலது பக்கம் நிரம்பி வழிந்தது. இடது பக்கத்தில் நாலைந்து வரிதான். அதில் ஒன்றுக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தான்: பழைய ஸ்விட்ச் கேம்கள் புதியதிலும் ஓடும். 2024 நவம்பரில் நிண்டெண்டோ சொன்னது அது. இவனுடைய நிண்டெண்டோ இணையக் கணக்கில் நாலு கேம் இருந்தது. ஒவ்வொன்றும் பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் யாராவது வாங்கிக் கொடுத்தது.

ஊகிப்பதில் தப்பே இல்லை. 2016-ல் முதல் ஸ்விட்ச்சுக்கு ‘என்எக்ஸ்’ என்ற ரகசியப் பெயர் மட்டும் தெரிந்திருந்த காலத்தில் நானும் ராத்திரி ராத்திரியாக அதைப் படித்திருக்கிறேன். அந்த வருஷம் ஒரு கன்ட்ரோலரின் படம் வெளியே கசிந்து எல்லோரும் நம்பினார்கள், கடைசியில் யாரோ சொந்தமாகச் செய்த பொம்மை என்று ஆனது. பணம் எதுவும் போகவில்லை, பேசினது மிச்சம். எங்கள் விஷயத்தில் அந்த ஊகத்தை ஒருவர் அச்சடித்து விலை போட்டார்.

2024 டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு நாலு நாள். கடை வாசலில் ஸ்டார் தொங்குகிறது, உள்ளே கூட்டம். கடைக்காரத் தம்பி லேமினேட் செய்த லிஸ்ட்டை எடுத்து நீட்டினார். “அண்ணே, துபாய் பார்ட்டி மூலமா வருது. முதல் நாளே கையில கிடைக்கும். மெஷினோட அஞ்சு கேம். இப்போ 20,000 கட்டினா விலை ஏறினாலும் உங்களுக்கு ஏறாது.” லிஸ்ட்டில் இருந்தவை மெட்ராய்ட் பிரைம் 4, புது 3டி மரியோ, மரியோ கார்ட் 9 என்ற கார் பந்தயம், செல்டா விண்ட் வேக்கர் எச்டி, போக்கிமான் லெஜண்ட்ஸ் ஸீ-ஏ. கீழே திரை ‘8 இஞ்ச் ஓஎல்இடி’ என்று வேறு.

பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, “மாமா, இது எல்லாமே என் நோட்டுல வலது பக்கம் இருக்கிறது” என்றான். அவன் சந்தோஷத்தில் சொன்னான். நினைத்தது எல்லாம் வருகிறதே என்று. ஐந்தில் இரண்டு கேம் ஏற்கெனவே அறிவிக்கப்பட்டவைதான், ஆனால் அவை புது மெஷினோடு முதல் நாளே வரும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. மெஷினுக்கே அப்போது பெயர் கிடையாது. அதை அந்த இடத்தில் நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

ரசீதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் எல்லாமே அதில்தான் வந்து நின்றது. ஸ்டேஷனரி கடையில் கட்டாகக் கிடைக்கும் இளஞ்சிவப்பு கேஷ் பில். ஜிஎஸ்டி எண் இல்லை. வரிசை எண் அச்சாகவில்லை, பேனாவால் எழுதியது. சரக்கு என்ற இடத்தில் ‘கேம் மிஷின் புதுசு - 1’. மாடல் இல்லை, எந்த நாட்டுச் சரக்கு என்று இல்லை, கேம்களின் பெயர் இல்லை, தேதிக்குள் வராவிட்டால் பணம் திரும்பும் என்ற வரி இல்லை. லிஸ்ட்டையும் கொடுக்க மாட்டேன் என்றார். பையன் கேட்டுக் கேட்டு ஒரு ஜெராக்ஸ் வாங்கினான். இன்று எங்களிடம் இருக்கும் உருப்படியான ஆதாரம் அந்த ஜெராக்ஸ்தான்.

2025 ஜனவரி 16-ல் நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 என்ற பெயரோடு சின்ன வீடியோ வந்தது. அதிலும் விலை இல்லை, 2025 என்பதைத் தவிர தேதி இல்லை. ஏப்ரல் 2-ல்தான் முழு விவரம்: ஜூன் 5 விற்பனை, அமெரிக்காவில் 449.99 டாலர், திரை 7.9 இஞ்ச் எல்சிடி. கார் பந்தயத்தின் பெயர் ‘மரியோ கார்ட் வேர்ல்ட்’. எட்டாவது ஆட்டம் 2014-ல் வந்ததால் அடுத்தது ஒன்பது என்று ரசிகர்களாகவே வைத்துக்கொண்ட பெயர் ‘9’. கடைக்காரருக்கு எந்த துபாய் பார்ட்டியும் எதையும் சொல்லவில்லை. இணையத்தில் பார்த்ததை அப்படியே அடித்திருக்கிறார் என்று பையன் அன்றைக்கே பிடித்துவிட்டான். போய் முன்பணத்தைக் கேட்டேன். “புக் பண்ணதை கேன்சல் பண்ண முடியாது அண்ணே, சரக்குக்குப் பணம் போயாச்சு.”

ஜூன் 5 வந்தது, மெஷின் வரவில்லை. கப்பல் லேட், கஸ்டம்ஸ், திருவனந்தபுரத்தில் இருக்கிறது, நாளை, திங்கட்கிழமை. பையன் மார்க் வாங்கியாகிவிட்டது, காலேஜிலும் சேர்ந்தாகிவிட்டது. ஜூலை இரண்டாம் வாரம் கூப்பிட்டு மிச்சம் 41,500 ரூபாயை வாங்கிக்கொண்டு பெட்டியைக் கொடுத்தார்கள். மொத்தம் 61,500.

குலசேகரத்தில் அன்றைக்கு விடாத மழை. திண்ணையில் பாய் போட்டு, அக்கா கைதுடைக்கத் துண்டு கொண்டு வந்து வைத்து, பையன் பெட்டியைப் பிரித்தான். அட்டை முழுக்க ஜப்பானிய எழுத்து. இறக்குமதிச் சரக்கு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம். மெஷினை ஆன் செய்தால் முதல் திரையே ஜப்பானியம். மொழி மாற்றும் இடத்தைத் தேடித் தேடிப் பார்த்தான், இல்லை. அத்தான் ஃபோனை வாங்கி கேமராவால் ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்துக்கொண்டே போனான். தன் கணக்கை இணைக்கப் பார்த்தபோது மெஷின் மறுத்துவிட்டது. ஜப்பான் என்று பதிந்த கணக்கை மட்டும்தான் அது ஏற்கும். இவன் கணக்கு அமெரிக்கா என்று பதிந்தது. நாலு கேமும் மூன்று வருஷ விளையாட்டும் பழைய மெஷினிலேயே நின்றுவிட்டன. சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்த அந்த ஒரு வரியும் அவனுக்கு இல்லை. ஒன்றும் பேசாமல் மெஷினை அணைத்துத் துண்டில் சுற்றி வைத்தான். அக்கா என்னைப் பார்த்து, “பைசா போச்சா மக்கா?” என்றாள்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். ஸ்விட்ச் 2-வை ஜப்பானில் இரண்டு விதமாக விற்கிறார்கள். 2025-ல் வந்தபோது பல மொழி உள்ளது 69,980 யென். ஜப்பானிய மொழி மட்டும் உள்ளது 49,980 யென், அந்நாட்டு மக்களுக்காக விலை குறைத்தது. அப்போது வித்தியாசம் 20,000 யென், நம் பணத்தில் ஏறக்குறைய 12,000 ரூபாய். இந்தியாவில் நிண்டெண்டோவுக்கு நேரடி விற்பனை கிடையாது. இங்கே வருவது எல்லாம் தனியார் இறக்குமதிதான். அதில் எது மலிவோ அதை எடுத்து, பல மொழி மெஷினின் விலையை வாங்கியிருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு விஷயம் உண்டு. மெஷினோடு 256 ஜிபி மெமரி கார்டு ஒன்றை 2,500 ரூபாய் என்று கணக்கில் சேர்த்திருந்தார்கள். சாதாரண மைக்ரோ எஸ்டி. ஸ்விட்ச் 2-வில் கேமைச் சேமிக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற வகைதான் வேண்டும், பழைய வகையிலிருந்து பழைய ஸ்விட்ச்சில் பிடித்து வைத்த திரைப் படங்களையும் வீடியோக்களையும் ஏற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கார்டின் மேல் ‘எக்ஸ்பிரஸ்’ குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அடுத்து கேம். ஐந்தில் கையில் கிடைத்தது மரியோ கார்ட் வேர்ல்ட் ஒன்றுதான். மற்றதுக்குப் பதில் என்று லிஸ்ட்டிலேயே இல்லாத ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 கொடுத்தார்கள். அந்தக் கார்ட்ரிட்ஜுக்குள் கேம் கிடையாது, சாவி மட்டும்தான். கேமை இணையத்திலிருந்து இறக்க வேண்டும், ஏறக்குறைய 50 ஜிபி. அக்கா வீட்டில் இருப்பது ஒரு நாளைக்கு 2 ஜிபி ஃபோன் பேக். டப்பாவின் முன்பக்கம் கீழே சாவிப் படம் போட்டிருந்தால் அது இந்த வகை.

லிஸ்ட்டில் இருந்த மற்றவை என்ன ஆயின என்பதையும் சொல்லிவிடுகிறேன். போக்கிமான் அக்டோபர் 16-ல் வந்தது, மெட்ராய்ட் பிரைம் 4 டிசம்பர் 4-ல். விண்ட் வேக்கரின் பழைய கேம்க்யூப் மெஷினுக்கான வடிவம்தான் இணையச் சந்தாவில் கிடைக்கிறது, கடையில் வாங்கும் எச்டி வடிவம் இல்லை. புது 3டி மரியோ முதல் நாளில் இல்லை, ஜூலை 17-ல் டாங்கி காங் பனான்சா என்ற வேறு கேம்தான் வந்தது. மரியோ கார்டைத் தவிர ஒன்றுகூட முதல் நாளில் வரவில்லை.

திரும்பக் கொண்டுபோய்க் கேட்டோம். முதலில், “மெஷின் ஓடுதுல்ல அண்ணே?” அப்புறம், “அப்டேட்ல இங்கிலீஷ் வந்துடும்.” இது சுத்தப் பொய், அந்த மெஷினை அந்த மொழிக்கென்றே விற்கிறார்கள். பிறகு, “தம்பி, ஜப்பான்னு போட்டு ஒரு கணக்குத் திற.” திறக்கலாம்தான். ஆனால் ஜப்பான் இணையக் கடையில் வெளிநாட்டு வங்கிக் கார்டை 2025 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டார்கள், பழைய நாலு கேமும் அந்தக் கணக்குக்கு வராது. கடைசியாக, 6,000 கொடுத்தால் எல்லா கேமும் ஓடுகிற ஒரு கார்டு போட்டுத் தருகிறேன் என்றார். தயவுசெய்து இதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த மாதிரிக் கார்டைச் செருகியவர்களின் ஸ்விட்ச் 2-க்களை நிண்டெண்டோ முதல் மாதத்திலேயே இணைய சேவையிலிருந்து தடை செய்தது. தடை மெஷினுக்கு, ஆளுக்கு இல்லை. விற்றாலும் வாங்குகிறவர் தலையில்தான் விழும்.

நான் முதலில் கூப்பிட்டது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ. பிறகு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே கொடுக்கலாம். இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். மிச்சப் பணத்தை நான் ஜிபேயில் அனுப்பியிருந்தேன், அந்தக் கணக்குப் பெயரும் கடைப் பெயரும் வேறு வேறு. இந்த விவரத்தையும் ஸ்கிரீன்ஷாட்டோடு சேர்த்திருக்கிறேன். கையில் காசாகக் கொடுத்த 20,000-க்கு அந்த இளஞ்சிவப்புச் சீட்டுதான்.

வாங்கியே ஆக வேண்டும் என்று இருப்பவர்கள் கம்பெனி பெயரும் விலையும் தேதியும் அறிவித்த பிறகு போங்கள். பில்லில் மாடல் பெயரும் ‘பல மொழி’ என்ற வார்த்தையும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அங்கேயே திரும்பிவிடுங்கள். பெட்டியைக் கடையிலேயே பிரித்து, ஆன் செய்து, மொழி மாறுகிறதா என்று பார்த்த பிறகு மிச்சப் பணத்தைக் கொடுங்கள். நம் மாவட்டத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு குறைவு. கடைக்காரர் சொல்லும் துபாய் கதையை உங்கள் சொந்தக்காரரிடமே ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுவிடலாம். எங்கள் மதினியின் தம்பி ஷார்ஜாவில் இருக்கிறான். அவனிடம் கேட்க எனக்கு ஏழு மாசம் கழித்துத்தான் தோன்றியது.

பையன் இப்போதும் பழைய லைட்டில்தான் விளையாடுகிறான். புதிய மெஷின் ஆதாரமாகப் பெட்டியோடு என் அலமாரியில் இருக்கிறது.

இதே கடையில் ஏமாந்தவர்கள் எனக்குத் தெரிந்து இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள், திங்கள்சந்தையில் ஒருவர், மார்த்தாண்டம் பக்கம் இரண்டு பேர். வேறு யாரிடமாவது அந்த லேமினேட் லிஸ்ட்டின் படமோ ஜெராக்ஸோ இருந்தால் கிழித்துப் போடாதீர்கள். ரசீதையும் சேர்த்து இரண்டு நகல் எடுத்து வைத்துக்கொண்டு இங்கேயே எனக்கு எழுதுங்கள். எல்லோருக்கும் ஒரே லிஸ்ட்தான் கொடுத்தார்கள் என்று ஆணையத்தில் காட்ட வேண்டும்.