மஞ்சள் கடுதாசி கொடுத்தால் எல்ஐசி பாலிசி போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

பெங்களூரில் கடனில் மாட்டிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். "கடன் செட்டில்மென்ட்", "திவால் மனு போட்டுத் தரப்படும்" என்று போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓர் ஆலோசகர், என் அண்ணன் 17 வருஷம் கட்டிய ஆயுள் காப்பீட்டைக் காலி செய்துவிட்டார். சட்டம் எதைத் தொடக்கூடாது என்று சொல்கிறதோ, அதைக் காப்பாற்றித் தருகிறேன் என்று சொல்லியே கரைத்தார்.

அண்ணனுக்குப் பீன்யாவில் சின்ன லேத் பட்டறை. ஒரே ஒரு கம்பெனியை நம்பி உதிரி பாகம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே ஆர்டர் நின்றது, பழைய பில்லும் வரவில்லை. மெஷின் லோனைக் கட்ட பர்சனல் லோன், அதைச் சமாளிக்க ஆப்பில் கடன், கடைசியில் வாரவட்டி. காலை ஏழு மணிக்கே ரெக்கவரி ஏஜென்ட் போன் வர ஆரம்பித்துவிடும். பக்கத்துப் பட்டறைக்காரர்தான் இந்த ஆலோசகரைக் காட்டினார். சேலம் பக்கத்து ஆள், நன்றாகத் தமிழ் பேசுவார், மரியாதையான மனுஷர் என்றார். "ஐ.பி. போட்டுடலாம் அண்ணா. அப்புறம் ஒருத்தனும் கிட்ட வர மாட்டான்." இதுதான் அவருடைய முதல் பேச்சு. ஐ.பி. என்றால் திவால் மனு, அதாவது மஞ்சள் கடுதாசி. முன்பணம் 40,000 ரூபாய்.

பணம் வாங்கிய பிறகுதான் சொத்துப் பட்டியல் கேட்டார். சொந்த வீடு கிடையாது. நகையெல்லாம் அடகில். மிச்சம் இருந்தது இரண்டு எல்ஐசி பாலிசி. ஒன்று 20 வருஷ எண்டோவ்மென்ட், 10 லட்சம் காப்பீட்டுத் தொகை, முதிர்வுக்கு இன்னும் மூன்று வருஷம்தான் பாக்கி. இன்னொன்று, அண்ணன் கல்யாணமான புதிதில் எங்கள் அப்பா பிடிவாதமாகப் போடவைத்தது.

"கோர்ட்ல நம்பர் ஆனதும் ரிசீவர் போடுவாங்க. அவர் முதல்ல கை வைக்கிறதே எல்ஐசி மேலதான். அதுக்குள்ள சரண்டர் பண்ணி அக்கா பேர்ல மாத்திடணும்." அக்கா என்று அவர் சொன்னது என் அண்ணியை. ரிசீவர் என்பவர் திவாலானவரின் சொத்தைக் கையில் எடுக்கக் கோர்ட் நியமிப்பவர். பயந்துபோயிருந்த வீட்டில் இந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. கிளையில் சரண்டர் ஃபாரத்தை வாங்கிப் பார்த்த ஊழியர், மூணு வருஷத்தில் போனஸோடு முழுசாக வருமே, ஏன் இப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் நின்ற ஆலோசகரே அண்ணனுக்குப் பதிலாக, "அவசரம் மேடம், ஆஸ்பத்திரிச் செலவு" என்று சொல்லிவிட்டார்.

ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அந்தப் பணம் போய் விழுந்த சேமிப்புக் கணக்கு, மெஷின் லோன் பாக்கி இருந்த அதே வங்கியில். வந்த வேகத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் பாக்கித் தவணைக்கு வரவு வைத்துக்கொண்டார்கள். வங்கியைக் குறை சொல்ல முடியாது. வராத கடனுக்கு வாடிக்கையாளரின் கணக்கில் இருக்கும் பணத்தை ஈடுகட்டிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. பாலிசியாகவே இருந்திருந்தால் அந்தப் பணத்தில் அவர்கள் கை வைத்திருக்க முடியாது. இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டியவர் காசு வாங்கிய ஆலோசகர்.

மீதியில் ஒரு பங்கைத் தன் "சர்வீஸ் சார்ஜ்" என்று எடுத்துக்கொண்டார். பாக்கிப் பணத்தை அண்ணி பேரில் ஒரு தனியார் கம்பெனியின் இரண்டு பாலிசிகளில் போட்டார். ஒரே தடவை கட்டினால் போதும், ஃபிக்சட் டெபாசிட் மாதிரி என்றார். வருஷா வருஷம் கட்டவேண்டிய பாலிசிகள் என்பது அடுத்த பிரீமியம் கேட்டு வீட்டு முகவரிக்குத் தபால் வந்தபோதுதான் தெரிந்தது. இரண்டுக்கும் சேர்த்து வருஷத்துக்கு மூன்று லட்சத்துக்கு மேல். பட்டறையை மூடிவிட்ட வீட்டில் இதை யார் கட்டுவது?

அந்தப் புரபோசல் ஃபாரத்தின் நகலை நான் வாங்கிப் பார்த்தேன். அண்ணியின் பெயர், ஆதார் எல்லாம் சரி. மொபைல் நம்பரும் இமெயிலும் மட்டும் எங்கள் வீட்டில் யாருடையதும் இல்லை. நம்பர் ஆலோசகருடைய ஆபீஸ் நம்பர். அண்ணியின் வருஷ வருமானம் எட்டு லட்சம், தொழில் துணி வியாபாரம் என்று எழுதியிருந்தது. அண்ணி எந்தக் காலத்திலும் வியாபாரம் செய்ததில்லை. கம்பெனியிலிருந்து வந்த வெரிஃபிகேஷன் கால், ஓடிபி, பாலிசி பாண்டு எல்லாம் அவருக்கே போயிருக்கின்றன. புது பாலிசி கைக்கு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம், சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பிவிடும். அந்த 30 நாளும் எங்களுக்கு ஒரு காகிதமும் தெரியாமலேயே கடந்துபோயின.

அண்ணன் போய்ச்சேர்ந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று இருந்த காப்பும் போய்விட்டது. புது பாலிசிகள் இரண்டும் அண்ணியின் உயிர் மேல். அவற்றில் சம்பாதிப்பவர் மேல் ஒன்றும் இல்லை. 51 வயதில், சுகரோடு, பழைய பிரீமியத்துக்கு யார் அவருக்குப் புதிதாகக் காப்பீடு கொடுப்பார்கள்? எனக்கு ஆறவே ஆறாத இடம் இது.

விஷயம் வெளியே வந்தது அப்பா போடவைத்த பாலிசியால்தான். அதையும் சரண்டர் செய்ய ஆலோசகர் அண்ணனை அழைத்துப் போனார். கிளையில் பாண்டைப் பார்த்துவிட்டு, இதை நீங்கள் ஒருவர் கையெழுத்துப் போட்டு எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 1874-ஆம் வருஷத்துத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் எடுத்த பாலிசி அது. எம்டபிள்யூபி பாலிசி என்பார்கள். மனைவி, பிள்ளைகள் பேரில் அது ஒரு டிரஸ்ட் மாதிரி நிற்கும். எடுத்தவருக்கே அதன் மேல் அதிகாரம் கிடையாது, அவருக்குக் கடன் கொடுத்தவர்களுக்கும் கிடையாது. கடன்காரர்களை ஏமாற்றவென்றே எடுத்தது என்று நிரூபித்தால் மட்டும், பாலிசியில் வரும் பணத்திலிருந்து அவர்கள் கேட்கலாம். பாலிசி எடுக்கும்போதே இப்படி எழுதிக்கொடுக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது. அப்பாவுக்கு யார் சொன்னார்களோ, அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த பாலிசி பிழைத்துவிட்டது.

கடன்காரர் தொட முடியாத பாலிசி என்று ஒன்று உண்டா என்ற கேள்வியோடு அண்ணியை அழைத்துக்கொண்டு எச். சித்தய்யா ரோட்டில் இருக்கும் நியாய தேகுலாவுக்குப் போனேன். அங்கேதான் மாநிலச் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. இது நிறைய பேருக்குத் தெரிவதில்லை. அங்கே கிடைத்த வக்கீலம்மா பொறுமையாக விளக்கினார்.

தொழில் அண்ணன் சொந்தப் பேரில் இருந்ததால், பெங்களூரில் ஐ.பி. என்றால் இன்னும் 1920-ஆம் வருஷத்து மாகாணத் திவால் சட்டம்தான். 500 ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாம் என்று எழுதியிருக்கும் அளவுக்குப் பழைய சட்டம். திவாலானவரின் சொத்து ரிசீவர் கைக்குப் போகும் என்று சொல்லும் அதே 28-ஆம் பிரிவு, உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி ஜப்தி செய்யக்கூடாத எதுவும் அதில் சேராது என்றும் சொல்கிறது. ஜப்தி செய்யக்கூடாதவை எவை என்று அந்த நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவில் பட்டியல் இருக்கிறது. 1976 திருத்தத்தில் சேர்த்த 'கேபி' உட்பிரிவு, கடனாளியின் உயிர் மேல் எடுத்த காப்பீட்டு பாலிசியில் வரவேண்டிய பணம் முழுவதையும் அந்தப் பட்டியலில் வைக்கிறது. பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) பணமும் அதே பட்டியலில் உண்டு. அதாவது அந்த எண்டோவ்மென்ட் பாலிசி சும்மா கிடந்திருந்தாலே போதும், ரிசீவர் தொட்டிருக்க முடியாது.

கம்பெனிக் கடனுக்குச் சொந்தப் பொறுப்பில் கியாரண்டி கையெழுத்துப் போட்ட டைரக்டர்களுக்கு வேறு சட்டம். 2016-இன் திவால் சட்டம் அவர்களுக்கு 2019 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. அதிலும் 79-ஆம் பிரிவு, கடனாளி பேரிலோ நெருங்கிய குடும்பத்தார் பேரிலோ இருக்கும் ஆயுள் காப்பீட்டையும் பென்ஷன் திட்டத்தையும் விலக்கி வைக்கிறது. ஒரு நிபந்தனை உண்டு: அதன் மேல் வில்லங்கம் இருக்கக்கூடாது. பாலிசியை வைத்து லோன் வாங்கியிருந்தாலோ, வீட்டுக் கடனுக்காக வங்கி பேருக்கு எழுதிக்கொடுத்து அசைன் செய்திருந்தாலோ கதை வேறு. வங்கிக் கடனை அடைத்த பிறகும் பாலிசியைத் திரும்ப உங்கள் பேருக்கு எழுதி வாங்காமல் விட்டவர்கள் இருந்தால் அதை உடனே முடித்துவிடுங்கள்.

வட்டிக்காரரிடம் பாண்டுப் பேப்பரை மட்டும் கொடுத்து வைத்திருப்பவர்களையும் எனக்குத் தெரியும். பேப்பர் கையில் இருப்பதால் மட்டும் பாலிசி அவருடையது ஆகிவிடாது. காப்பீட்டுச் சட்டம் 38-ஆம் பிரிவின்படி எழுத்தில் அசைன் செய்து, கம்பெனிக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர்கள் பதிவு செய்தால்தான் கம்பெனியைக் கட்டுப்படுத்தும். அதனால் வெற்றுப் பேப்பரில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

வக்கீலம்மா சொன்ன இன்னொரு விஷயத்தில்தான் எனக்குத் தூக்கம் போனது. திவால் மனு போடுவதற்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் சரியான விலையில்லாமல் மனைவி பேருக்கோ மற்றவர் பேருக்கோ மாற்றிய சொத்தை, அந்த 1920 சட்டத்தின் 53-ஆம் பிரிவின்படி கோர்ட் ரத்து செய்யலாம். சட்டம் காப்பாற்றும் இடத்தில் இருந்த பணத்தை வெளியே எடுக்கவைத்து, சட்டம் கேள்வி கேட்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார் அந்த மனுஷர். அண்ணன் உண்மையிலேயே கோர்ட்டுக்குப் போயிருந்தால் பதில் சொல்லவேண்டியவர் அண்ணன்தான்.

போகவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மனு நம்பர் ஆகிவிட்டது என்று ஆலோசகர் ஒரு பேப்பர் கொடுத்திருந்தார். இ-கோர்ட்ஸ் தளத்தில் பெங்களூர் கோர்ட்டுகளைத் தேர்ந்தெடுத்து அண்ணன் பேரைப் போட்டுத் தேடினோம். அப்படி ஒரு வழக்கே இல்லை. 40,000 ரூபாய்க்கு ஒரு ஜெராக்ஸ். "ஒருத்தனும் கிட்ட வர மாட்டான்" என்றதும் பொய். மெஷின் அடமானத்தில் கடன் கொடுத்த வங்கி, ஐ.பி. போட்டாலும் அந்த மெஷினை எடுத்துக்கொள்ளலாம், அவர்களுக்கு அந்த உரிமை அப்படியே இருக்கும்.

பிரீமியம் கட்டவே முடியாது என்ற நிலை வந்தாலும் சரண்டர் ஒன்றே வழி இல்லை. இத்தனை வருஷம் கட்டிய எண்டோவ்மென்டை 'பெய்டு-அப்' ஆக நிறுத்தலாம். காப்பீட்டுத் தொகை குறையும், ஆனால் பாலிசி உயிரோடு இருக்கும். காலாவதியான பாலிசியையும், யூலிப் (பங்குச் சந்தை முதலீட்டோடு சேர்ந்த பாலிசி) இல்லையென்றால், ஐந்து வருஷத்துக்குள் புதுப்பிக்கலாம். இதில் எதையும் அந்த ஆலோசகர் வாயே திறக்கவில்லை. பெய்டு-அப் செய்தால் அவருக்குக் கமிஷன் வராது.

புது பாலிசிகளைப் பற்றி முதலில் அந்தத் தனியார் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுத்தோம், காப்பீட்டுப் புகார்களுக்கான பீமா பரோசா தளத்திலும் பதிந்தோம். பாண்டு இமெயிலில் அனுப்பியாகிவிட்டது என்று கம்பெனி மறுத்தது. இப்போது ஜே.பி. நகர் ஜீவன் சௌதாவில் இருக்கும், காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் புகார் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போகவேண்டும், அவ்வளவுதான். எங்கள் கையில் இருக்கும் பெரிய ஆதாரம் ஃபாரத்தில் இருக்கும் அந்த மொபைல் நம்பர். ஆலோசகர் மேல் போலீஸ் புகாரும் கொடுத்திருக்கிறோம். அவர் ஆபீஸ் இப்போது பூட்டிக் கிடக்கிறது, வேறு பேரில் வேறு ஏரியாவில் திறந்திருப்பதாக அந்தப் பட்டறைக்காரரே வந்து சொன்னார்.

அப்பா போடவைத்த பாலிசிக்குப் பிரீமியத்தை இப்போது நானும் என் சொந்த அக்காவும் பங்கு போட்டுக் கட்டுகிறோம். அதன் பாண்டும் ஆலோசகர் கையில்தான் இருந்தது. அதைத் திரும்ப வாங்கியதும் முதல் வேலையாகக் கிளைக்குப் போய், பதிவில் இருக்கும் மொபைல் நம்பரையும் இமெயிலையும் சரிபார்த்து, அண்ணியுடைய நம்பரைச் சேர்த்துவிட்டு வந்தோம்.