நல்லதண்ணி ரொட்டிக் கடைக்கு கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்: மூன்று சீசன் பாவித்த பிறகு

நல்லதண்ணி ஊரில், சிவனொளிபாத மலைக்கு ஏறுகிற பாதையில் இருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு சந்துக்குள்தான் எங்கள் கடை. கீழே ரொட்டியும் பிளேன்டீயும், மேலே தங்குவதற்கு நாலு அறை. டிசம்பர் போயாவில் (பௌர்ணமி நாளில்) தொடங்கி வெசாக் போயாவோடு யாத்திரை சீசன் முடிந்துவிடும். அந்த வரும்படியை வைத்துத்தான் வருஷத்தையே ஓட்ட வேண்டும். பாதையோரக் கடைக்கு ஆள் தானாக வரும், சந்துக்குள் இருக்கும் கடையை யார் தேடி வருவார்கள்? அதற்காகத்தான் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் பதிந்தேன். கூகுளில் தேடினாலும் மேப்பில் பார்த்தாலும் கடையின் பெயர், இடம், நேரம், ரிவியூ எல்லாம் காட்டுகிற பக்கம் அது. 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்றார்களே, அதுதான் இது.

இதற்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முதல் வருஷம் ஒருவர் போனில் பேசி, தேடினால் எங்கள் கடை முதலாவதாக வரும் என்று இருபதாயிரம் ரூபாய் வாங்கினார். கடைப் பெயருக்குப் பின்னால் 'பெஸ்ட் ரூம், சீப் ரூம்' என்று ஒட்டிவைத்தது மட்டும்தான் அவர் செய்த வேலை. பலகையில் இல்லாததைப் பெயரில் சேர்ப்பது விதிக்கு மாறு, பக்கத்தையே முடக்கிவிடலாம். நானே அழித்தேன். தேடுவதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேர் பெற்ற கடை என்று பார்த்துத்தான் மேப்பில் வரிசை அமைகிறது. அந்த இடத்தைக் காசுக்கு வாங்க முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. விளம்பரம் வேறு கணக்கு.

கடை நம்முடையது என்று காட்ட கூகுள் வீடியோ கேட்டது. வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். முதல் தடவை இரவில் எடுத்தேன், பலகை தெரியவில்லை, சரிவரவில்லை. அடுத்த நாள் பகலில் சந்து முனையில் இருந்து நடந்து வந்து, பலகையைக் காட்டி, சாவி போட்டுக் கதவைத் திறந்து, ரொட்டிக்கல் வரை எடுத்தேன். அது சரி ஆனது.

அப்புறம் பக்கத்தில் போடுகிற திறப்பு நேரம். சீசனில் ஆட்கள் இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கெல்லாம் ஏறத் தொடங்குவார்கள், நாங்களும் 24 மணி நேரமும் திறந்திருப்போம். வெசாக் முடிந்த மறுநாளே அதை மாற்றிவிடுவேன். மழையில் ஹட்டனில் இருந்து பஸ் ஏறி வருகிறவர் பூட்டின கதவைப் பார்க்கக் கூடாது.

ரிவியூவில் ஐந்து நட்சத்திரம் போட்டால் பிளேன்டீ இலவசம் என்று எழுதிப் போடச் சிலர் சொன்னார்கள். ரிவியூவுக்குக் கைம்மாறு கொடுக்கக் கூடாது என்பது விதி. எனக்கும் மனசு ஒப்பவில்லை. ரிவியூ எழுதுகிற பக்கத்துக்குப் போகும் கியூஆர் கோடை மேசையில் ஒட்டியதோடு சரி.

மோசமான ரிவியூவை நாமே நீக்க முடியாது. விதியை மீறியிருந்தால் முறைப்பாடு செய்யலாம், அவ்வளவுதான். ஆரம்பத்தில் அது குறை என்றே நினைத்தேன். போன வருஷம் ஒருவர் இரண்டு நட்சத்திரம் போட்டு, மலை இறங்கி வந்து குளிரில் நடுங்கினோம், சுடுதண்ணி இல்லை என்று எழுதினார். உண்மைதான். அதற்குக் கீழே இப்படிப் பதில் எழுதினேன்: "அன்று கரண்ட் இல்லை. அடுப்பில் காய வைத்தாவது தந்திருக்க வேண்டும், பிழை எங்களுடையது. இப்போது கேஸ் அடுப்பில் ஒரு அண்டா எந்நேரமும் சூடாக இருக்கிறது."

இரண்டு வாரம் கழித்து வத்தளையில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மா பையைக்கூட இறக்கவில்லை. "அந்த அண்டா எங்க அக்கா?" என்று கேட்டார்.