கோத்தகிரியில் தமிழ் தெரியும் ஒரு பிரவுசிங் சென்டர்

விண்டோஸ் 98-உம் தொலைபேசி வழி டயல்-அப் இணைப்பும் புழக்கத்திலிருந்த காலத்தில் எழுதிய குறிப்பு இது. கோத்தகிரிச் சந்தைக்கு அருகே, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இயங்கும் பிரவுசிங் சென்டருக்கு நான்கு மாதங்களாகப் போய்வருகிறேன். கட்டணம் மணிக்கு 30 ரூபாய். வெளியூரிலிருக்கும் மகளுக்குத் தமிழிலேயே மின்னஞ்சல் எழுத வேண்டும் என்பது என் தேவை. இந்த மதிப்பீடும் அந்தக் கோணத்திலிருந்தே எழுதப்படுகிறது.

அங்குள்ள ஆறு கணினிகளில் ஐந்து விண்டோஸ் 98-இல் ஓடுபவை. ஆறாவதில் எக்ஸ்பி இருந்தபோதும், யாரோ தமிழ் எழுத்துருவை மட்டும் இறக்கிவைத்துவிட்டுப் போயிருந்ததால், ஃபயர்பாக்ஸில் கொம்புகளெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடு முறையில் 'கெ' என்பது ககரம் முதலிலும் கொம்பு அடுத்தும் வருமாறு சேமிக்கப்படுகிறது. திரையில் இடம் மாற்றிக் காட்டும் வேலையை இயங்குதளம் செய்ய வேண்டும். எக்ஸ்பியில் அவ்வசதி உண்டு, ஆனால் குறுந்தகட்டைப் போட்டு நாம்தான் அதை நிறுவிக்கொள்ள வேண்டும். கடை நடத்தும் தம்பி, நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, அன்றே அதைச் செய்து, தமிழில் தட்டச்சு செய்ய உதவும் எ-கலப்பை என்ற மென்பொருளையும் இறக்கித் தந்தார்.

"மத்த அஞ்சுலயும் இது வருமா சார்?" என்று அவர் கேட்டபோது, பாதி வரும் என்றேன். டிஸ்கி (TSCII) என்ற பழைய தமிழ்க் குறியாக்க முறையில் கொம்பு கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே முதலில் நிற்பதால், எழுத்துரு ஒன்றிருந்தால் பழைய கணினியிலும் படித்துவிடலாம். 1998 முதல் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் தந்துவரும் மதுரைத் திட்டத்தின் டிஸ்கி கோப்புகளை இப்போது அங்கே இரண்டு கணினிகளில் வாசிக்க முடிகிறது.

தட்டச்சுக்கு நான் தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தேன். உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் அமைந்த அம்முறையில், ககரத்தை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுகிறது. 'பக்கம்' என்ற சொல்லில் அந்தச் சுகம் தெரியும். விசைகளின் படத்தை ஒரு தாளில் வரைந்து மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிவிட்டேன். தம்பி அதைக் கிழிக்கவில்லை.

குறைகளும் உண்டு. இணைப்பு இன்னும் டயல்-அப்தான். ஐப்பசி மழையில் தொலைபேசிக் கம்பி அறுந்தால் எழுதியது போயிற்று, ஆனால் கட்டணக் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். இடி இடித்தால் மோடத்தின் கம்பியைக் கழற்றிவிடுகிறார்கள். அதைக் குறை சொல்லமாட்டேன். நோட்பேடில் எழுதிச் சேமித்துவிட்டுப் பிறகு இணைப்புக்குப் போவதே பணத்துக்கும் மனத்துக்கும் நல்லது. மார்கழிக் குளிரில் பழைய மானிட்டரின் முதுகில் கையை வைத்துச் சூடேற்றிக்கொள்ளலாம் என்பதை விலைப்பட்டியலில் போடவில்லை.

மாலை நான்கு மணிக்குமேல் பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டுக்காக ஆறாம் கணினியைப் பிடித்துக்கொள்கிறார்கள். காலையிலேயே சொல்லிவைத்தால் தம்பி ஒதுக்கித் தருவார்.