கிளிஞ்சலா, முட்டை ஓடா, சுண்ணாம்புக்கல் தூளா?

வீட்டுக் கோழி கெட்டியான ஓடு இல்லாத தோல்முட்டை இட ஆரம்பித்தால் கால்சியத்துக்கு எதைக் கொடுப்பது என்ற கேள்வி வரும். மூன்றையும் கொடுத்துப் பார்த்த பிறகு நான் கிளிஞ்சல் பக்கம் வந்துவிட்டேன்.

முட்டை ஓடு காசில்லாமல் கிடைக்கும். வறுத்து, ஓடு என்றே தெரியாதபடி நொறுக்கிப் போட வேண்டும். ஆனால் முட்டையை விற்பவர் வீட்டில் ஓடு மிஞ்சாது. சுண்ணாம்புக்கல் தூள் மலிவு. தீவனத்தைச் சொந்தமாக அரைப்பவர்களுக்கு வசதி.

எனக்கு முடிவைச் சொன்னது துகள் நைசா, குருணையா என்பதுதான். முட்டை கருப்பையில் சுமார் 20 மணி நேரம் தங்கித்தான் ஓடு கட்டுகிறது. அதில் பெரும்பகுதி இரவில், கோழி இரையெடுக்காமல் அடைந்திருக்கும் நேரத்தில் நடக்கிறது. ஓர் ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும். நைசான தூள் சீக்கிரம் குடலைக் கடந்துவிடும். அப்புறம் கோழி தன் எலும்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். கிளிஞ்சல் குருணையோ இரையை அரைக்கும் அரைவைப்பையில் தங்கி, இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதனால் பிற்பகலில் வைப்பது நல்லது.

அதையும் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் கோழியின் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம் தேவை. வளரும் குஞ்சுக்கு 1 சதவீதம் போதும். எல்லாக் கோழியும் ஒன்றாகத் தின்னும் இடத்தில் தூளைத் தீவனத்திலேயே கலந்தால் குஞ்சுகளின் சிறுநீரகம் கெடும். தனியாக வைத்தால் தேவைப்படும் பெட்டை தானே வந்து கொத்திக்கொள்ளும்.

கிளிஞ்சல் போட்டால், தானியத்தை அரைக்கக் கோழி விழுங்கும் பொடிக் கல் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். கிளிஞ்சல் கரைந்துவிடும், தானியத்தை அரைக்காது. மேயும் கோழி கல்லைத் தானே பொறுக்கிக்கொள்ளும். அடைத்து வைத்துக் கம்பு, சோளம் முழுசாகப் போடுபவர்கள் பொடிக் கருங்கல் சல்லியும் வைக்க வேண்டும். அரைத்த தீவனம் மட்டும் என்றால் அவ்வளவு அவசியமில்லை.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், வாயைப் புண்ணாக்கிவிடும். கத்திரி வெயிலில் இரைக்கும் கோழிக்கு எதைக் கொடுத்தாலும் ஓடு கொஞ்சம் மெலியத்தான் செய்யும். அப்போது நிழலும் குளிர்ந்த தண்ணீரும்தான் முதலில்.

சரி, கிளிஞ்சல் கிடைக்காத ஊரில்? சுண்ணாம்புக்கல்லே தூளாக இல்லாமல் குருணையாகவும் வருகிறது. நான் அதை அதிகம் கொடுத்ததில்லை. ஆனால் அதுவும் மெல்லக் கரையும் என்பதால் தூளுக்கு முன் அதைத்தான் தேடுவேன்.